செத்த போனுக்கும் ஒரு பங்கு

"துப்பறிவாளர் நீங்கதானே?" என்று தலைவர் தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

தம்பி பக்கத்து நாற்காலியைக் காட்டினான். "இல்ல சார். நான் பை தூக்குற ஆள். மூளை அங்க உட்கார்ந்திருக்கு."

பக்கத்து நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தலைவர் அவளை ஒரு தடவை பார்த்தார், தம்பியை இன்னொரு தடவை பார்த்தார், பிறகு யாரைப் பார்த்தும் பேசாமல் சுவரைப் பார்த்துப் பேசத் தொடங்கினார். இது புதிதில்லை. துப்பறியும் நிலையம் தொடங்கிய நாளிலிருந்து வாடிக்கையாளர்கள் எல்லாரும் தம்பிக்குத்தான் வணக்கம் சொல்கிறார்கள். தம்பிக்கு மீசை இருக்கிறது, அக்காவுக்கு இல்லை. கொலை, கொள்ளை, காணாமல்போன பூனை எதுவானாலும் மீசைதான் கண்டுபிடிக்கும் என்று உலகம் நம்பியது. அந்த மீசை இதுவரை கண்டுபிடித்தது பக்கத்துக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்பதை மட்டுமே.

தலைவர் என்றால் நாட்டுக்குத் தலைவர் இல்லை. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். மூவரும் உட்கார்ந்திருந்தது தரைத்தளத்துச் சங்க அலுவலக அறையில். ஆனால் நாட்டுக்குத் தலைவராக இருப்பவர்கள் கூட இவ்வளவு நிமிர்ந்து உட்கார மாட்டார்கள். எந்தப் பேச்சையும் "இங்க எல்லாரும் சரிசமம்" என்று முடிப்பது அவர் வழக்கம். அதனால் கட்டடத்தில் அவருக்குப் பட்டப்பெயரே சரிசமம். அவர் வண்டி நிற்கும் இடத்தில் மட்டும் நிழல் உண்டு. மற்ற சரிசமங்களின் வண்டிகள் வெயிலில் நின்றன.

"கட்டடம் முழுக்க ஒரே இன்டர்நெட் லைன்," என்றார் தலைவர். "கீழ ஒரு பெரிய பெட்டி. வீட்டுக்கு வீடு ஒரு சின்னப் பெட்டி. எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு. முன்னாடி எல்லாம் அடிதடி. ஒருத்தர் படம் பார்த்தா இன்னொருத்தர் தவிக்கணும். நான் தலைவரா வந்ததும் ஒரு விதி கொண்டுவந்தேன். வீட்ல எத்தனை கருவியோ, அந்த வீட்டுக்கு அத்தனை பங்கு. பெரிய குடும்பத்துக்குப் பெரிய பங்கு, சின்னக் குடும்பத்துக்குச் சின்னப் பங்கு. பெட்டியே எண்ணிப் பார்த்துப் பிரிச்சுக் குடுத்துடும். எப்படி?"

"அருமை," என்றாள் அக்கா. "அப்புறம் ஏன் எங்களைக் கூப்பிட்டீங்க?"

"யாரோ திருடறாங்க. சாயங்காலம் ஆனா லைன் நகரவே மாட்டேங்குது. நேத்து படத்துல கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் கிளம்பினது கிளம்பினபடியே நிக்குது."

"பொண்ணு வீட்ல என்ன நினைப்பாங்க சார்," என்று தம்பி வருத்தப்பட்டான்.

தலைவர் அவனைச் சட்டை செய்யவில்லை. குரலைத் தாழ்த்தினார். "ஆள் யாருன்னு எனக்குத் தெரியும். மேல் மாடியில ஒரு பொண்ணு, தனியா இருக்கு. நாள் முழுக்கக் கதவைச் சாத்திக்கிட்டு கம்ப்யூட்டர்ல யார் முகத்தையோ பார்த்துப் பேசிட்டே இருக்கு. அதுவும் நமக்குப் புரியாத பாஷையில. இன்னைக்கு சாயங்காலம் பொதுக்குழு. அந்த வீட்டு இணைப்பைத் துண்டிக்கணும்னு தீர்மானம் எழுதி வச்சிட்டேன். ஆதாரம் ஒண்ணுதான் பாக்கி."

"தண்டனை தயார், குற்றம் மட்டும் வேணும்," என்றான் தம்பி. "செஞ்சு தர்றோம் சார்."

அக்கா அவன் காலை மிதித்தாள். "பெரிய பெட்டிக்குள்ள எந்த வீட்ல எத்தனை கருவின்னு தெரியுமே. ஒரு தடவை பார்க்கலாமா?"

தலைவர் முகத்தில் திடீரென்று ஒரு தியாகியின் களை வந்தது. "அது முடியாதும்மா. அது ஒவ்வொருத்தரோட அந்தரங்கம். என் உயிரே போனாலும் திறக்க விடமாட்டேன்."

மேல் மாடிப் பெண்ணின் வீட்டில் அந்தரங்கம் ஒன்றும் இல்லை. ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, ஒரு ஹெட்போன், பின்னால் வெள்ளைச் சுவர். அவள் ஒரு மொழிபெயர்ப்பாளர். வெளியூர் மருத்துவமனைகளில் டாக்டருக்கும் நோயாளிக்கும் ஒரே மொழி இல்லாதபோது, வீடியோ அழைப்பில் இவள் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசுவாள்.

"போன வாரம் ஒருத்தர் எங்க வலிக்குதுன்னு சொல்லிட்டிருந்தார். படம் நின்னுடுச்சு," என்றாள். "இடது பக்கம்னு அவர் சொன்னது எனக்கு வந்து சேரல. டாக்டர் பாவம், வலது பக்கத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்துட்டு ஒண்ணும் இல்லைன்னுட்டார். கம்பெனியில கடைசியா ஒரு வாய்ப்பு குடுத்திருக்காங்க. இன்னைக்கு சாயங்காலம் ஒரு அம்மா, நாளைக்கு அவங்களுக்கு ஆபரேஷன். கம்பெனி ஆளும் கூட இருந்து பார்ப்பாரு. படம் நின்னா என் வேலையும் நின்னுடும்."

"சாயங்காலம் பொதுக்குழு வேற இருக்கே," என்றாள் அக்கா.

"அழைப்பு எப்ப வேணா வரும். கூட்டத்துக்கு வரலைன்னா எனக்காகக் கை தூக்க ஆளில்லாம துண்டிச்சுடுவாங்க. கம்ப்யூட்டரையும் தூக்கிட்டே வரப்போறேன்."

"இந்த ஒரு கம்ப்யூட்டர்தானா? போன்?"

"போன்ல வைஃபையை அணைச்சு வச்சிருக்கேன். எதுக்கு வீணா இன்னொரு பங்கு? அந்த விதிக்கு முதல்ல கை தூக்கினதே நான்தான். நான் ஒருத்தி, எனக்கு ஒண்ணு போதும். குழந்தைகுட்டி இருக்கறவங்களுக்கு நிறைய வேணும் இல்லையா?"

வெளியே வந்ததும் தம்பி படிக்கட்டில் நின்றுவிட்டான். "அக்கா, இவ்வளவு நேர்மையா இருக்கறவங்க எப்படி இந்தக் கட்டடத்துல குடியிருக்காங்க? வாடகைக்கு விடறப்ப யாரும் விசாரிக்கலையா?"

அக்கா படிக்கட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டடத்துக்கு நேர் எதிரே கைபேசி பழுதுபார்க்கும் கடை ஒன்று இருந்தது. அதன் வாசலில் ஒரு பலகை. 'செத்த போன்கள் வாங்கப்படும்' என்று யாரோ அழகாக எழுதியிருந்தார்கள். அதில் 'வாங்கப்படும்' என்பதை அடித்துவிட்டு, மேலே அவசரமாக 'விற்கப்படும்' என்று எழுதியிருந்தது.

"தம்பி, செத்த போனை விக்கிறவனைப் பார்த்திருக்கே. வாங்குறவனைப் பார்த்திருக்கியா?"

"காதலிச்சவனைப் பார்த்திருக்கேன். எங்கிட்ட இருக்கறதும் செத்த போன்தான், தூக்கிப்போட மனசு வரல."

கடைக்காரரைத் தெருவில் எல்லாரும் போன் டாக்டர் என்று கூப்பிட்டார்கள். நெற்றியில் பூதக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், அக்கா கேட்டதும் உற்சாகமாகிவிட்டார்.

"அதை ஏன் கேக்கறீங்க! நல்ல போன் எல்லாம் தூசி படிஞ்சு கிடக்கு. உடைஞ்சது கொண்டாங்கறாங்க. ஸ்க்ரீன் பாதி இருட்டுங்கன்னு சொல்றேன், பரவால்லங்கறாங்க. பேச முடியாதுங்கன்னு சொல்றேன், பேசவேண்டாங்கறாங்க. படம் எடுக்காது, பாட்டுப் பாடாதுன்னா, ரொம்ப நல்லதுங்கறாங்க. ஒரே ஒரு கேள்விதான். வைஃபை புடிக்குமா?"

"யார் வாங்கறாங்க?" என்றாள் அக்கா.

போன் டாக்டர் பூதக்கண்ணாடியை இறக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டார். "அது சொல்ல மாட்டேங்க. தொழில் தர்மம்."

தம்பி பெருமூச்சு விட்டான். "நாங்க வாங்க வரல அண்ணே, புகார் சொல்ல வந்தோம். எதிர்க் கட்டடத்துத் தலைவர் அனுப்பினார். நீங்க குடுத்ததுல ஒண்ணு வைஃபையே புடிக்கலையாம். ஏமாத்திட்டீங்களாம்."

"நானா ஏமாத்தினேன்?" போன் டாக்டர் எழுந்தே விட்டார். "அந்த மனுஷனுக்கு எத்தனை தடவை மாத்திக் குடுத்தேன்! போன வாரம் கூட ஒரு பை நிறைய அள்ளிட்டுப் போனாரே! அப்ப இனிச்சுதா?"

தொழில் தர்மம் அத்தோடு முடிந்தது.

தெருவைக் கடக்கும்போது தம்பி துள்ளாத குறை. "அக்கா, முடிஞ்சுது! செத்த போனை எல்லாம் வைஃபையில மாட்டி வச்சா, பெட்டிக்கு என்ன தெரியும்? ஒவ்வொண்ணுக்கும் ஒரு பங்குன்னு எண்ணி அவர் வீட்டுக்கு வாரி விட்டுடும். திருடனே நம்மளைக் கூலிக்குப் பிடிச்சிருக்கான்! வா, போய் விஷயத்தைப் போட்டு உடைச்சுடலாம்."

"உடைச்சா என்ன சொல்வார்?"

"அதெல்லாம் பழைய நினைவுச் சின்னம்பார்."

"அப்ப அவரே எடுத்துக் காட்டணும்," என்றாள் அக்கா.

தலைவர் வீட்டுக் கூடம் படு சுத்தம். ஒரு சோபா, ஒரு பெரிய டிவி, மூலையில் பூட்டிய இரும்பு அலமாரி. தலைவரின் மாமியார் சோபாவில் உட்கார்ந்து, அசையாத மாப்பிள்ளை ஊர்வலத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். அலமாரியின் கதவிடுக்கு வழியாக ஒரு தடித்த ஒயர் உள்ளே போனது. அக்கா பேச்சுவாக்கில் அலமாரி மேல் கையை ஊன்றி, சட்டென்று எடுத்துக்கொண்டாள். தோசைக்கல் மாதிரி சுட்டது.

"அலமாரிக்கு எதுக்கு சார் கரண்ட்?" என்றான் தம்பி.

"உள்ள... துணி. ஈரம் தங்கக்கூடாது பாருங்க."

"எங்க வீட்ல துணியைக் காயவச்சு அப்புறம்தான் உள்ள வைப்போம். பழைய முறை."

அக்கா குறுக்கே புகுந்தாள். "சார், நீங்க சொன்னது சரி. யாரோ கருவியை ஒளிச்சு வச்சுப் பங்கு வாங்கறாங்க. அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கு. கூட்டத்துல பாஸ்வேர்டை மாத்திடுங்க. எல்லாக் கருவியும் அறுந்துடும். புதுசை எல்லாருக்கும் சொல்லுங்க. ஓட்டெடுப்புக்கு முன்னாடி எந்த வீட்ல எத்தனை கருவி ஏறுதோ, அதுதான் இனிமே அந்த வீட்டுப் பங்குன்னு அறிவிச்சுடுங்க. ஒளிச்சு வச்சிருக்கறவங்க அத்தனையையும் வெளிய எடுத்துத்தானே ஆகணும்?"

தலைவரின் கண்கள் அலமாரிப் பக்கம் போய் வந்தன. அந்த முகத்தில் பயம் வரும் என்று தம்பி எதிர்பார்த்தான். வந்தது ஆசை. இனிமே என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

"பிரமாதம்!" என்றார். "மேல் மாடி மாட்டிக்கும். பாஸ்வேர்டை நானே தயார் பண்றேன். சும்மா இல்ல, அந்தப் பொண்ணு தட்டித் தட்டியே திணறணும்."

அவர் தயார் பண்ணியது பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரம், அடைப்புக்குறி எல்லாம் கலந்து ஒரு வரியில் அடங்காமல் அடுத்த வரிக்குப் போனது. தம்பி படித்துப் பார்த்தான். "சார், இது பாஸ்வேர்டு மாதிரி இல்ல. யாரோ கீபோர்டு மேல வழுக்கி விழுந்த மாதிரி இருக்கு."

சாயங்காலம் தரைத்தளக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பின. மொழிபெயர்ப்பாளர் மடிக்கணினியை மடியிலேயே வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. இணையத் திருட்டு ஒட்டுவாரொட்டி என்று கட்டடம் முடிவு செய்திருந்தது.

தலைவர் பெரிய பெட்டியின் முன்னால் நின்று பாஸ்வேர்டை மாற்றினார். கரும்பலகையில் புதியதை எழுதினார். விதியை அறிவித்தார். "இங்க எல்லாரும் சரிசமம்," என்று முடித்தார். எல்லாரும் பலகையைப் படம் பிடித்துக்கொண்டார்கள்.

முதலில் எழுந்தவர் மூன்றாம் மாடி ஓய்வுபெற்ற ஆசிரியர். "அடுப்புல பால் வச்சேன்," என்றார். அவர் மனைவி, "ஐயோ, நானும்தான்," என்று கூடவே கிளம்பினார். ஒரே பாலுக்கு இரண்டு பேர். அடுத்து, கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்த வங்கி ஊழியர் கண்ணாடியை எடுத்து வரப் போனார். சங்கச் செயலாளருக்குத் திடீரென்று வயிறு சரியில்லை. அவர் குடும்பத்தில் அத்தனை பேருக்கும் அதே நேரத்தில் சரியில்லை. கடைசியாகத் தலைவர், "ஒரு ஃபைல் மறந்துட்டேன். தோ வந்துட்டேன்," என்று மனைவியையும் மாமியாரையும் கையோடு இழுத்துக்கொண்டு போனார். அந்த ஃபைலைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது.

மொழிபெயர்ப்பாளர் பலகையைப் பார்த்து நிதானமாக ஒரு தடவை தட்டினாள். "ஏறிடுச்சு," என்று நிமிர்ந்தவள் சுற்றிலும் பார்த்தாள். "எல்லாரும் எங்க?"

கூடத்தில் காலி நாற்காலிகளைத் தவிர யாரும் இல்லை. அந்த நேரம் பார்த்து அவள் மடியில் அழைப்பு மணி அடித்தது. அவள் முகம் வெளுத்தது.

"பக்கத்துல சங்க அலுவலக அறை இருக்கு, போங்க," என்றாள் அக்கா. அவள் கணினியோடு உள்ளே ஓடினாள். அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். "நீ மேல போய்ப் பார்த்துட்டு வா."

தம்பி மாடி மாடியாக ஏறினான். அவசரத்தில் யாரும் கதவைச் சாத்தவில்லை. மூன்றாம் மாடியில் பால் எதுவும் பொங்கவில்லை. சாப்பாட்டு மேசை நிறையச் செத்த போன்கள், சுற்றிலும் குடும்பம். ஆசிரியர் பாஸ்வேர்டை வகுப்பில் சொல்வதுபோல உரக்கச் சொல்ல, மற்றவர்கள் தலை நிமிராமல் தட்டினார்கள். எதிர் வீட்டில் வங்கி ஊழியர் ஒரு கையால் ஒன்று, இன்னொரு கையால் இன்னொன்று என்று தட்டினார். செயலாளர் வீட்டில் போன்கள் ஷூ வைக்கும் தட்டில் அடுக்கியிருந்தன. ஷூக்கள் வாசலில் கிடந்தன.

தலைவர் வீட்டு அலமாரி விரியத் திறந்திருந்தது. தட்டுத்தட்டாகப் போன்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர். தலைவர் தரையில் சம்மணம் போட்டிருந்தார்.

"இதுல நட்சத்திரம் வரவே மாட்டேங்குது மாப்பிள்ளை," என்றார் மாமியார். "அந்த மூலையே செத்துப்போச்சு."

"அழுத்தித் தட்டுங்க அத்தை! வேற எதுக்கு இருக்கீங்க?"

"எந்தப் புண்ணியவான் இவ்வளவு நீளமா வச்சான்?"

புண்ணியவான் பேசாமல் தட்டிக்கொண்டிருந்தார்.

தம்பி மூச்சிரைக்கக் கீழே வந்தான். "அக்கா! ஒருத்தர் இல்ல! கட்டடமே! வீட்டுக்கு வீடு சவக்கிடங்கு!"

"ஒரு ஆளுக்காக எந்தக் கடைக்காரன்டா வாசல் பலகையை மாத்துவான்?" என்றாள் அக்கா.

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. "காலையிலயே தெரியுமா? சொல்லியிருக்கலாம் இல்ல? நாலு மாடி ஏறி இறங்கினேன்!"

"உஷ்."

அலுவலக அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளேயிருந்து மொழிபெயர்ப்பாளரின் குரல் வந்துகொண்டே இருந்தது. ஒரு மொழியில் கேட்டாள், இன்னொரு மொழியில் சொன்னாள், எங்கும் தடங்கலே இல்லை. திரையில் படுக்கையில் சாய்ந்திருந்த அம்மாவின் கன்னத்து மச்சம் வரை தெளிவாகத் தெரிந்தது. பக்கத்துக் கட்டத்தில் டாக்டர், மூலைக் கட்டத்தில் கம்பெனி ஆள். கட்டடத்தில் ஒருவர்கூடப் படம் பார்க்கவில்லை, பாட்டுக் கேட்கவில்லை. பங்கு பிடிக்கும் மும்முரத்தில் பங்கை உபயோகிக்க யாருக்கும் நேரமில்லை. மொத்த லைனும் அந்த ஒற்றை மடிக்கணினிக்கு ஓடியது.

முதலில் இறங்கி வந்தவர் தலைவர்தான். ஏறாத போன்களை இரண்டு கையிலும் பிடித்திருந்தார். "பலகையில அது பூஜ்யமா, ஓ-வா?" என்று கத்திக்கொண்டே வந்தவர் அக்காவைப் பார்த்ததும் நின்றார். அவருக்குப் பின்னால் செயலாளர், ஆசிரியர், வங்கி ஊழியர், குடும்பங்கள். எல்லார் கையிலும் ஏறாத போன்கள். ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைகள் மெதுவாக முதுகுக்குப் பின்னால் போயின.

"நான் மட்டுமா?" என்றார் தலைவர். "செயலாளர் வச்சதைப் பார்த்துத்தான் நான் வச்சேன்!"

"வாத்தியார் வச்சதைப் பார்த்துத்தான் நான்..."

"தலைவரே செய்யறார்னு நம்பித்தான் நான் செஞ்சேன்," என்றார் ஆசிரியர்.

"அடடா, வட்டமா வந்து முடிஞ்சுது," என்றான் தம்பி. "யாருமே ஆரம்பிக்கல போலிருக்கே. போன்களே படியேறி வந்துடுச்சா?"

"மெதுவா பேசுங்க," என்றாள் அக்கா. "உள்ள குற்றவாளி வேலை பார்த்துட்டிருக்காங்க. சரி தலைவரே, எல்லாரும் இருக்கீங்க. ஓட்டெடுத்துடலாம். மேல் வீட்டு இணைப்பைத் துண்டிக்கணும்ங்கறவங்க கையைத் தூக்குங்க."

கூடத்தில் யாரும் அசையவில்லை. தூக்கினால் கையோடு போனும் வரும்.

"நல்லா தூக்கிக் காட்டுங்க," என்றான் தம்பி. "பின்வரிசைக்குத் தெரிய வேணாமா?"

வங்கி ஊழியர் கூரையை ஆராய்ந்தார். செயலாளருக்கு நிஜமாகவே வயிறு சரியில்லாமல் போனது போலிருந்தது.

"தீர்மானம் தோத்துப்போச்சு," என்றாள் அக்கா. "நாளையிலிருந்து வீட்ல இருக்கற தலையை எண்ணிப் பங்கு போடுங்க. எதிர்க் கடையில அது கிடைக்காது."

"விருந்தாளி வந்தா?" என்று தலைவர் தொடங்கினார்.

"எப்பவாவது வாயை மூடுங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார்.

அறைக்குள் குரல் நின்றது. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். திரையில் அந்த அம்மா ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

மொழிபெயர்ப்பாளர் கதவுப் பக்கம் திரும்பினாள். "நாளைக்குக் கண் முழிக்கும்போதும் நீதானே பேச வருவேன்னு கேக்கறாங்க." அவள் பார்வை அக்காவைத் தாண்டித் தலைவரிடம் போய் நின்றது. "என்ன சொல்லட்டும்?"

தலைவர் திரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "வருவேன்னு... வருவேன்னு சொல்லும்மா."

அவள் திரும்பி வாயைத் திறந்தாள். திரை உறைந்தது. அந்த அம்மாவின் முகம் கேள்வியோடு அப்படியே நின்றது. மேலேயிருந்து நாதஸ்வரமும் தவிலுமாக ஒரு கல்யாணமே முழங்கியது. சத்தம் வந்தது தலைவர் வீட்டிலிருந்து. ஏறிய போன்களின் பங்கை வைத்து அவர் மனைவி படத்தைப் போட்டுவிட்டிருந்தார்.

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். கட்டடத்தின் வரலாற்றில் முதல் தடவையாகத் தலைவர் ஓடினார். போன்கள் படிக்கட்டில் ஒவ்வொன்றாகச் சிதற, இரண்டிரண்டு படியாகத் தாவி, "அணைடி! எல்லாத்தையும் அணை! அலமாரியைப் புடுங்கு!" என்று அலறிக்கொண்டே ஏறினார். கதவு அறைபட்டது. தவில் பாதி அடியில் நின்றது.

திரையில் அந்த அம்மா கண் சிமிட்டினார்.

மொழிபெயர்ப்பாளர் ஒரே ஒரு சொல் சொன்னாள். கூடத்தில் யாருக்கும் அந்த மொழி தெரியாது. அந்த அம்மா தலையணையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார். மூலைக் கட்டத்திலிருந்த கம்பெனி ஆள் தலையசைத்தார்.

மேலேயிருந்து, மாடிக் கைப்பிடியில் பாதி உடம்பு தொங்க, தலைவரின் குரல் இறங்கி வந்தது.

"இப்ப வருதாம்மா?"